சமையல்காரரிடம் அரை மணி நேரம் பேசிய பெண்

கேள்வி:

மேடம், என் மகளுக்கு 26 வயது. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியில் டேட்டா அனலிஸ்டாக இருக்கிறாள். வேளச்சேரியில் ஹாஸ்டல். நாங்கள் திருநெல்வேலி. மாதம் ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் வருவாள். வந்தால் ரூமை விட்டு வெளியே வர மாட்டாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அவள் அண்ணன் நேர் எதிர், தெருவில் போகிறவரையும் கூப்பிட்டுப் பேசுவான்.

போன மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். சொந்தக்காரர்கள் யாரிடமும் நாலு வார்த்தை பேசவில்லை. ஆளைக் காணோமே என்று தேடினால், மண்டபத்துச் சமையல்கட்டில் நின்று சமையல்காரரிடம் அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். 600 பேருக்கு எத்தனை கிலோ அரிசி என்று எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள், கூட்டம் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று! அன்று சாயங்காலம் என் தம்பி, நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னான். பத்துப் பேர் முன்னால், "அது பொய் மாமா, யுனெஸ்கோ அப்படி எதுவும் சொல்லல" என்றாள். தாய்மாமன் முகம் சுண்டிப்போய்விட்டது.

பெண் பார்க்க வந்த இடத்தில் பையனின் அம்மா, "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாம்பார், ரசம், மூணு பொரியல் தெரியும். உங்க வீட்ல யார் சமைக்கிறாங்க?" என்றாள். அதோடு அந்தச் சம்பந்தம் நின்றது.

சென்ற வருடம் என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பழைய பிரஷர் மாத்திரையும் புதிதாக எழுதிக் கொடுத்ததும் ஒரே மருந்து என்று கண்டுபிடித்து டாக்டரிடம் சொல்லி ஒன்றை நிறுத்த வைத்தாள், அது வேறு விஷயம். ஆனால் பெற்ற அப்பா படுத்திருக்கும்போது இப்படிக் கல்லாட்டம் இருக்கிறாளே என்று என் மாமியாரே கேட்டுவிட்டார்.

கேட்டால் போனில் ஏதோ டெஸ்ட் எழுதியதைக் காட்டி, "நான் ஐ.என்.டி.பி. டைப்மா, என்னால மாற முடியாது" என்கிறாள். இது ஏதாவது நோயா? மாற்ற முடியுமா? வரன் வீட்டில் சொல்லலாமா, மறைக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத தாய், திருநெல்வேலி

பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் எழுதியிருப்பதில் நோய் என்று சொல்ல எதுவும் என் கண்ணில் படவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே மாதிரி இருக்கிறாள். படித்தாள், வேலைக்குப் போகிறாள், பெரிய ஊரில் தனியாகச் சமாளிக்கிறாள், மாதாமாதம் உங்களைப் பார்க்க வருகிறாள். இது சுபாவம். கொஞ்சம் முரட்டு விளிம்பு உள்ள சுபாவம், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வாக்கியம் ஒன்று உண்டு. ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்ததைக் கண்டுபிடித்தாள் என்று எழுதிவிட்டு, "அது வேறு விஷயம்" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் விஷயமே. அம்லோடிபின் போன்ற ஒரே ரத்த அழுத்த மருந்து இங்கே எத்தனையோ கம்பெனிப் பெயர்களில் வருகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது புதுப் பெயரில் ஒன்றை எழுதித் தருவார்கள். வீட்டில் பழைய அட்டையும் இருக்கும். இரண்டையும் போட்டுக்கொண்டு, அழுத்தம் தாறுமாறாக இறங்கி மயங்கி விழுகிறவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் உட்கார வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அவள் அந்த வேலையைச் செய்திருக்கிறாள். அப்பாவை நினைத்த பயமும் பாசமும் அவளிடம் வெளிப்பட்ட வழி அது. மாமியார் மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள். இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த நான்கு எழுத்துக்கு வருவோம். 1921-இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங், மனிதர்களின் கவனம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்கிறது என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதைப் படித்து ஆர்வமான அமெரிக்க அம்மாவும் மகளும், கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ், அதை வைத்து ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம்; புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்ப்பது இசபெல்லின் நோக்கங்களில் ஒன்று. இருவருமே முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை. நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம், மொத்தம் 16 வகை. உங்கள் மகள் சொல்வது, உள்முகமானவள், கையில் இருக்கும் விவரத்தைவிட அதன் பின்னால் உள்ள ஒழுங்கைத் தேடுபவள், தர்க்கத்தை வைத்து முடிவெடுப்பவள், எதையும் சீக்கிரம் முடித்துக் கட்டாமல் திறந்து வைத்திருப்பவள் என்ற வகை.

வர்ணனை பொருந்துகிறது, இல்லையா? பொருந்தும். கேள்விக்குப் பதில் சொன்னதே அவள்தானே. ஆனால் அதை மருத்துவச் சான்றிதழ் மாதிரி நீட்டக் கூடாது. ஐந்தரை அடிக்கு மேலே இருந்தால் நெட்டை, கீழே இருந்தால் குட்டை என்று ஊரையே இரண்டாகப் பிரித்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். பெரும்பாலானவர்கள் நடுவில்தான் நிற்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை. சில வாரம் கழித்து அதே டெஸ்டை எழுதினால் ஏதாவது ஒரு எழுத்து மாறிப்போவது சகஜம். போனில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் அந்த அசல் கேள்வித்தாள்கூடக் கிடையாது. அசலை விற்பவர்களே, இதை வைத்து ஆளை வேலைக்கு எடுக்காதீர்கள் என்கிறார்கள். அப்புறம் சம்பந்தம் பேசுவதற்கு எப்படி உதவும்?

எழுத்துகளை விட்டுவிடலாம். உள்முகச் சுபாவம் என்ற ஒன்று மட்டும் நிஜம். இன்றைய உளவியல் ஆளுமையை அளக்கப் பயன்படுத்தும் ஐந்து பெரிய அளவுகோல்களில் அதுவும் ஒன்று. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி அதில் ஏறக்குறையப் பாதி பரம்பரையாக வருவது. (உங்கள் வீட்டுப் பக்கமோ கணவர் வீட்டுப் பக்கமோ, விசேஷ வீட்டில் பந்தி முடிந்ததும் செருப்பைத் தேடும் ஒரு பெரியவர் நிச்சயம் இருந்திருப்பார். யோசித்துப் பாருங்கள்.) லண்டனில் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு விளக்கம் சொன்னார்: உள்முகமானவர்களின் மூளை சும்மா இருக்கும்போதே கொஞ்சம் அதிகமாக விழித்திருக்கிறது, அதனால் வெளித்தூண்டல் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. நாக்கில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அவர்களுக்குச் சராசரியாக அதிக எச்சில் ஊறுகிறது என்றுகூட அளந்து காட்டினார்கள். அந்த விளக்கத்தில் பிற்பாடு திருத்தங்கள் வந்தன. ஆனாலும் ஒரு கல்யாண மண்டபத்தைப் புரிந்துகொள்ள அது போதும். மேளம், மைக், ஃபோட்டோகிராபரின் விளக்கு, "என்னை யாருன்னு தெரியுதா?" என்று கன்னத்தைத் தட்டும் அத்தைமார். உங்கள் மகனுக்கு இதெல்லாம் தெம்பு. மகளுக்கு ஒரு மணி நேரத்தில் தெம்பு தீர்ந்துவிடும்.

தீர்ந்ததும் என்ன செய்தாள்? காரில் போய்த் தூங்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினாள். அதனால் "பேசவே மாட்டேன் என்கிறாள்" என்ற புகாரை வாபஸ் வாங்கிவிடுங்கள். அவளுக்குப் பேச ஒரு பொருள் வேண்டும், எதிரில் ஒருத்தர் போதும், இடையில் யாரும் வெட்டக் கூடாது. இது மூன்றும் அமைந்தால் அவள் பேசுவாள். அந்தச் சமையல்காரரைக் கேட்டிருந்தால், உங்கள் மகளைப் போல நன்றாகப் பேசும் பெண்ணைப் பார்த்ததில்லை என்றிருப்பார்.

இன்னொன்று, அவள் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்கிறாள். "உங்க வீட்ல யார் சமைக்கிறாங்க?" என்பது திமிர் என்று எனக்குப் படவில்லை. சமையல் பற்றிப் பேச்சு வந்தது, அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கேட்டாள். நம் வீடுகளில் பாதிப் பேச்சு தகவலுக்காக நடப்பதில்லை. "என்ன, மெலிஞ்சுட்ட?" என்று ஒரு பெரியம்மா கேட்டால் எடை சொல்லக் கூடாது என்று உங்களுக்குத் தானாகத் தெரியும். அவளுக்கு அதை யாராவது சொல்லித் தர வேண்டும். சொன்னால் பிடித்துக்கொள்வாள், கணக்குப் படித்தவள், விதி தெரிந்தால் போதும். "மரியாதை தெரியாதா உனக்கு?" என்று கேட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது, அந்தக் கேள்விக்கும் அவள் யோசித்துப் பதில் சொல்வாள்.

தாய்மாமன் விஷயத்தில் நான் பாதி அவள் கட்சி. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. அது வருஷக்கணக்காகச் சுற்றும் புரளி. ஆனால் தப்பைத் திருத்துவதற்கும் தம்பியின் முகத்தைக் காப்பாற்றுவதற்கும் நடுவில் ஒரு வழி இருந்தது: அப்போது சும்மா இருந்துவிட்டு, ராத்திரி அவர் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பி, "மாமா, இதைப் பாருங்க" என்று முடித்திருக்கலாம். இவளுக்கு எழுதுவது சுலபம், அவருக்கும் தனியே படிப்பது சுலபம்.

இப்படிப்பட்டவர்களில் உலகமறிந்த ஒருவரைச் சொல்கிறேன். பால் டிராக், இங்கிலாந்தின் இயற்பியலாளர், 1933-இல் நோபல் பரிசு வாங்கியவர். நம்முடைய வான இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனபோது அங்கே இருந்தவர். ஒரு வருடம் கோபன்ஹேகன் போய்வா என்று சந்திரசேகருக்கு யோசனை சொன்னவரும் அவர்தான். டிராக்கின் மௌனம் அவ்வளவு பிரசித்தம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை என்பதை "ஒரு டிராக்" என்று அளவாக வைத்துக் கூட இருந்தவர்கள் கேலி செய்வார்களாம். மார்கிட் என்ற கலகலப்பான ஹங்கேரியப் பெண் அவருக்குக் கடிதம் எழுதினார். என் கேள்விகளுக்கு நீங்கள் பதிலே எழுதுவதில்லை என்று கோபித்துக்கொண்டார். டிராக் என்ன செய்தார் தெரியுமா? பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து, கடித எண், கேள்வி, பதில் என்று கட்டம் போட்டு அட்டவணையாக எழுதி அனுப்பினார். காதல் கடிதம்! மார்கிட் நொந்துதான் போயிருப்பார். ஆனால் அந்த அட்டவணை போட அவர் ஒவ்வொரு கடிதத்தையும் வரி வரியாகத் திரும்பப் படித்திருக்க வேண்டும் இல்லையா? இருவரும் 1937-இல் கல்யாணம் செய்துகொண்டு, 1984-இல் டிராக் இறக்கும்வரை சேர்ந்து வாழ்ந்தார்கள்.

இந்தக் கதையை உங்கள் மகளிடம் சொல்லும்போது ஜாக்கிரதை, "பார்த்தியா, நோபல் வாங்கினவரே இப்படித்தான்" என்று பிடித்துக்கொள்வாள். உங்களுக்கு நான் சொல்ல வந்தது அவருடைய பிள்ளைப் பருவம். அப்பா பிரெஞ்சு வாத்தியார். சாப்பாட்டு மேசையில் தன்னோடு பிரெஞ்சில்தான் பேச வேண்டும் என்று விதி. தனக்குப் பிரெஞ்சில் சரியாகச் சொல்ல வராததால், பேசாமல் இருப்பதே மேல் என்று ஆகிவிட்டது என டிராக் பிற்காலத்தில் சொன்னார். அவர் சுபாவத்துக்கு அது ஒன்றே காரணமாக இருக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே பேச்சுக் குறைந்த பிள்ளையை, அதற்கு வராத பாணியில், பெரியவர்கள் பார்க்கப் பேசச் சொல்லிப் பரீட்சை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். "மாமாகிட்ட பேசு", "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று 26 வருடமாக அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள்?

இனி ஒரு எச்சரிக்கை. அமைதியாக இருக்கும் எல்லாரையும் சுபாவம் என்று விட்டுவிடவும் கூடாது. உள்முகமானவர் தனியே இருந்துவிட்டு வந்தால் முகம் தெளிந்து வருவார். மனச்சோர்வில் இருப்பவர் தனியே இருந்தாலும் தெளிய மாட்டார். தூக்கம், பசி, முன்பு பிடித்த விஷயங்கள் எல்லாம் சேர்ந்து விலகும். அதுவரை இல்லாத மாற்றம் திடீரென்று வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சமூகப் பதற்றம் வேறு ரகம். போக ஆசை இருக்கும், பேச ஆசை இருக்கும், ஆனால் ஒரு வாரம் முன்பிருந்தே வயிற்றைக் கலக்கும், வந்த பிறகு "நான் அப்படிச் சொன்னது தப்போ" என்று ராத்திரி முழுக்க ஓடும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. இன்னும் சிலருக்கு ஆட்டிசத்தின் லேசான சாயல் இருக்கலாம். பெண்களிடம் அது தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. கடிதத்தை வைத்து நான் எதையும் முடிவு கட்ட மாட்டேன். அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கூட்டம் உனக்குப் பிடிக்கலையா, இல்ல பயமா இருக்கா?" இரண்டுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும். பயம் என்றால், அவள் சம்மதித்தால், ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பார்க்கலாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பிடிக்கவில்லை என்றால் யாரையும் பார்க்க வேண்டாம்.

மாற்ற முடியுமா? சுபாவத்தை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் "மாற முடியாது" என்று அவள் சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தப் பத்தியை அவளுக்கே படிக்கக் கொடுங்கள். அம்மா, உன் டெஸ்ட் நீ எதன் பக்கம் சாய்கிறாய் என்றுதான் சொல்கிறது. எதைச் செய்ய முடியாது என்று அது சொல்லவில்லை. கனடாவின் ஆளுமை உளவியலாளர் பிரையன் லிட்டில் நல்ல உள்முகம். ஆனால் வகுப்பறையில் ஆடிப் பாடிப் பாடம் நடத்துவார். மாணவர்களை அவ்வளவு பிடிக்கும். நமக்கு முக்கியமான ஒன்றுக்காகச் சுபாவத்துக்கு எதிராகவும் நடக்கலாம், அதன் பிறகு ஒதுங்கி ஓய்வெடுத்தால் போதும் என்பது அவர் கருத்து. சொற்பொழிவு முடிந்ததும் யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்று கழிவறைக்குள் போய் உட்கார்ந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். உனக்கும் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தெரியாத டாக்டரை நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது. அதே ஆள் அத்தையிடம் ஐந்து நிமிடம் நலம் விசாரிக்கலாம். ஐந்து நிமிடம் போதும்.

மறுபடி உங்களிடம். அவளுக்கு அந்த ஒதுங்குமிடத்தை ஒத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குப் போகும்போதே, "முகூர்த்தத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் என்கூட நில்லு, நாலு பேரைப் பார்த்துடு, அப்புறம் உன் இஷ்டம்" என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி, எத்தனை பேர் என்று தெரிந்தால் அவளுக்கு நிம்மதி. ஊருக்கு வந்த அன்று காலையிலேயே கூடத்தில் உறவினர்களை உட்கார வைக்காதீர்கள். பத்துப் பதினோரு மணி நேரம் ரயிலில் நாலு பேர் போன் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம். பேச வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து வெங்காயம் உரிக்கும்போது பேசுங்கள், முகத்தைப் பார்த்து உட்கார வைத்துப் பேசாதீர்கள். "ஆபீஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டால் "போகுது" என்பாள். "போன தடவை ஒரு ரிப்போர்ட்டில் கணக்கு இடிக்குதுன்னு சொன்னியே, என்னாச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். நமக்கு அந்த இடைவெளியை நிரப்பக் கை பரபரக்கும். நிரப்பிவிட்டால் அவள் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும்.

வரன் வீட்டில் மறைக்காதீர்கள். ஆனால் "எங்க பொண்ணு கொஞ்சம் ஒரு மாதிரி" என்று குற்றவாளி மாதிரியும் சொல்லாதீர்கள், நான்கு எழுத்தையும் சொல்லாதீர்கள். "நிதானமா யோசிச்சுப் பேசுவா, கூட்டத்துல அதிகம் பேச மாட்டா, மனசுல பட்டதைச் சொல்லுவா." இது போதும். வாயாடி மருமகள் வேண்டும் என்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வராமல் இருந்தால் உங்களுக்கு ஒரு கிலோ கேசரிக்கான ரவை மிச்சம். வருகிறவர்களிடம், பன்னிரண்டு பேர் சூழக் காபித் தட்டோடு நிறுத்துவதற்கு முன்னால், பையனும் இவளும் ஒரு வாரம் மெசேஜில் பேசட்டும், பிறகு போனில், பிறகு நேரில் என்று கேளுங்கள். இன்று அதற்கு ஒத்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. எழுத்தில் அவள் எவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவளுக்கு இப்போது கல்யாணம் வேண்டுமா என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. கேட்டீர்களா என்பதும் தெரியவில்லை. கேட்கவில்லை என்றால் அடுத்த வரனுக்கு முன்னால் கேளுங்கள். "வேண்டாம்" என்றோ "இரண்டு வருடம் கழித்து" என்றோ சொன்னால், காரணமும் வைத்திருப்பாள், வரிசையாக, ஒன்று இரண்டு மூன்று என்று. அழாமல் சொல்கிறாள் என்பதற்காக லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை எனக்கு எழுதினால் அவளிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். கடிதத்தை அவளிடம் ஒருதரம் காட்டினால் இன்னும் நல்லது, மூன்று பொரியலா நான்கா என்று அவளே திருத்திக் கொடுப்பாள்.